தெரியாது என்று சொல்லப் பழகிய ஊர்

சான் மெலித்தோனில் யாரிடம் வழி கேட்டாலும் பதில் கிடைக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். வழி கேட்டு வந்தவரை ஒன்றும் சொல்லாமல் அனுப்புவது, வீடு தேடி வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்புகிற மாதிரி என்பது அந்த ஊர்க்காரர்களின் எண்ணம். ஆகவே வழி தெரிந்தால் தெரிந்ததைச் சொல்வார்கள், தெரியாவிட்டால் மனசுக்குப் பட்டதைச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே முகத்தோடு, கையை நீட்டி, "நேராப் போங்க, சர்ச்சைத் தாண்டி இடது பக்கம், பக்கத்துலதான்" என்று சொல்வார்கள். மெக்சிகோவில் பல இடங்களில் இந்த வழக்கம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சான் மெலித்தோனில் அது முற்றிப் போயிருந்தது. இதனால் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, ஏனென்றால் அவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை.

நஷ்டமெல்லாம் எர்மெலிந்தாவுக்கு. சதுக்கத்தை ஒட்டிய தெருவில் நீலக் கதவு போட்ட ஒரு சின்ன விடுதி நடத்திவந்தாள். புருஷன் வடக்கே எல்லை தாண்டிப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, அந்த விடுதிதான் அவளுக்குச் சோறு போட்டது. முற்றம் நிறையக் காகிதப்பூ, சுத்தமான படுக்கை, காலையில் சூடாக அத்தோலேக் கஞ்சி. வருகிறவர்களும் நல்லபடியாக வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள், யோர்கன் வரும்வரை.

யோர்கன் பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டைச் சேர்ந்த பையன். வாட்டசாட்டமானவன், சாது. ஒருநாள் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பினான். சான் மெலித்தோனில் பஸ் நிலையமே கிடையாது. பஸ் இரும்புக் கடை வாசலில் நிற்கும், அதுவும் டிரைவருக்கு நிறுத்த மனசிருந்தால். ஆனால் இல்லாத இடத்துக்கு வழி சொல்லவும் அங்கே ஆள் பஞ்சமில்லை. இரும்புக் கடைக்காரரே அவனை மேற்கே அனுப்பினார். மேற்கே இருந்தவர்கள் பாலத்துக்கு அனுப்பினார்கள். பாலத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் மேட்டுக்கு அனுப்பினார்கள். வெயில் ஏறி, தலை சுற்றி, கடைசியில் சோளக் காட்டுக்கு நடுவே ஒரு கல்யாணப் பந்தலில் போய் நின்றான்.

கல்யாணப் பந்தலுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் விடுவார்களா? வான்கோழிக் கறியும் கருகருவென்று மோலேக் குழம்பும் வைத்தார்கள். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று பையனை அவன் அம்மா வளர்த்திருந்தாள். தட்டு காலியாக இருந்தால் விருந்தாளிக்குப் பசி தீரவில்லை என்று சோளக் காட்டுக்காரர்களை அவர்கள் அம்மாக்கள் வளர்த்திருந்தார்கள். அவன் காலி செய்ய, அவர்கள் வைக்க, பொழுது போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தவனை மாப்பிள்ளையின் மாமன்கள் தோளை அமுக்கி உட்காரவைத்தார்கள். மறுநாள் மறுவீட்டு விருந்து, அதற்குப் போகாவிட்டால் பெண் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். அதற்கும் மறுநாள் பெண்ணின் பெரியப்பாவுக்குப் பிறந்தநாள். எல்லாம் முடிந்து ஒரு வாளிக் குழம்போடு லாரியில் ஏற்றிவிட்டபோது, அவன் கண்ணீர் விட்டதாகவும் அது பாசத்தால் வந்த கண்ணீர் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவன் நாட்டில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்த நாட்டு அரசாங்கம் வெளிநாடு போகும் தன் மக்களுக்கு எச்சரிக்கைகளை எழுதி வைக்கும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதை எர்மெலிந்தா மருந்துக் கடை எவரார்தோவின் கணினியில் படித்தாள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், ஐஸ்கட்டி வேண்டாம், தெருவில் போகிற டாக்சியைக் கைகாட்டி நிறுத்தாதீர்கள், பணத்தை எல்லாம் ஒரே பையில் வைக்காதீர்கள் என்று ஆரம்பித்திருந்தது. அதிலெல்லாம் அவளுக்குச் சண்டை இல்லை. குழாய்த் தண்ணீரை அவளே குடிப்பதில்லை. யாராவது அளவுக்கு மீறி அன்பாக இருந்தால் விலகிச் செல்லுங்கள் என்று அடுத்த வரி இருந்தது. அந்த அளவை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டாள். எவரார்தோ பக்கத்தைக் கீழே தள்ளிக் காட்டினார்.

சான் மெலித்தோன்: மஞ்சள் எச்சரிக்கை. இங்கே உள்ளூர்க் கும்பல் ஒன்று பயணி ஒருவரைத் திட்டமிட்டுத் திசைதிருப்பி, ஆளில்லாத காட்டுக்குக் கொண்டுபோய், நாள்கணக்கில் பிடித்துவைத்து, கட்டாயப்படுத்தி உணவூட்டியது. நோக்கம் இதுவரை தெரியவில்லை.

அதன் பிறகு அறை கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். மற்ற நாடுகளும் அதையே பார்த்து எழுதிக்கொண்டன. எர்மெலிந்தா தினமும் யாரும் படுக்காத படுக்கைகளை உதறி விரித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் ஆள் வராவிட்டால் நீலக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் தலைநகரில் தங்கை வீட்டுச் சமையலறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். தங்கையின் புருஷன் வாயைத் திறந்தால் தத்துவம்தான்.

விடாமல் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதினாள், போன் போட்டாள், அழுதாள், திட்டினாள். கடைசியில், அதிகாரி ஒருவர் சாதாரணப் பயணியைப் போல ரகசியமாக வந்து ஊரைப் பார்ப்பார், அவர் திருப்திப்பட்டால் எச்சரிக்கை நீங்கும் என்றார்கள். ரகசியம் அன்றைக்கே உடைந்துவிட்டது. ஹெட்விக் என்கிற அந்த அம்மாள் தூதரகத்து முகவரியிலிருந்தே எர்மெலிந்தாவிடம் அறை கேட்டு எழுதியிருந்தார்.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஊர்த்தலைவர் சதுக்கத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்றார். எவரார்தோ பேண்டு வாத்தியம் வைக்கலாம் என்றார். எர்மெலிந்தா எழுந்து, பேண்டும் வேண்டாம் சுண்ணாம்பும் வேண்டாம், வழி தெரியாதவர்கள் தெரியாது என்று சொன்னால் போதும் என்றாள். சதுக்கத்தில் தமால் என்கிற சோள மாவுக் கொழுக்கட்டை விற்கும் சிரிலாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மூஞ்சிக்கு நேரா தெரியாதுன்னு எப்படிடீ சொல்றது? தெருநாய்கிட்டகூட நான் அப்படிப் பேசினதில்ல."

"பேசிப் பழகு. இல்லாட்டி நான் மூட்டையக் கட்டிட்டுப் போகணும். அப்புறம் காலைல உன்கிட்ட கூடையோட தமால் வாங்க யாரு இருக்கா?"

சிரிலாவுக்கு அது உறைத்தது. மறுநாளிலிருந்து சாயங்காலம் தோறும் சதுக்கத்து மரத்தடியில் பயிற்சி நடந்தது. எர்மெலிந்தா தலையில் தொப்பி மாட்டி, தோளில் மூட்டையோடு பயணியாக நடித்து ஒவ்வொருவரிடமாக வழி கேட்டாள். பஸ் நிலையம் எங்கே என்று கேட்டதும் எவரார்தோவுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. தெரியாது என்று தொடங்கி, ஆனால் சர்ச்சைத் தாண்டிப் போனால் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று முடித்தார். சிரிலா தெரியாது என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் ஓடிவந்து கையில் ஒரு தமாலைத் திணித்தாள். இரும்புக் கடைக்காரரின் வாய் அடங்கினாலும் கை தானாக எழுந்து மேற்கைக் காட்டியது.

இதற்கெல்லாம் எர்மெலிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அப்போது கை எதையும் காட்டாது. கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும், ஆகவே தரையைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் போல இப்படியே உருப்போட்டதில் ஊருக்குப் பாடம் ஏறிவிட்டது. நல்ல வாத்தியார் என்று ஊர்த்தலைவர் அவளைப் பாராட்டினார்.

ஹெட்விக் அம்மாள் வந்த அன்று எர்மெலிந்தா விடியற்காலையே குளித்து, இருப்பதிலேயே நல்ல பாவாடையைக் கட்டி, மாடி ஜன்னலில் நின்றாள். அங்கிருந்து சதுக்கம் நன்றாகத் தெரியும், பேச்சுதான் கேட்காது. பஸ் நின்றது. அகலத் தொப்பியும், சட்டைக்குள் புடைத்த பணப்பையும், சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலுமாக அம்மாள் இறங்கி, இரும்புக் கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டார், தரையைப் பார்த்தார், உதடு ஒருமுறை அசைந்தது. எர்மெலிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து சிரிலா. கை கட்டியாகிவிட்டது, தலை குனிந்தாகிவிட்டது. தங்கமான பொம்பளை என்று எர்மெலிந்தா வாய்விட்டே சொன்னாள்.

அம்மாள் சதுக்கத்தைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் போகப்போக ஊரே வரிசையாகக் கை கட்டித் தலை குனிந்தது. கடைசியில் அவர் தெருவுக்குள் நுழைந்து, நீலக் கதவுக்கு நேர் எதிரே மருந்துக் கடை வாசலில் நின்று, எவரார்தோவிடம் தெளிவான ஸ்பானிஷில் கேட்டது ஜன்னலுக்குக் கேட்டது.

"ஐயா, எர்மெலிந்தா அம்மாவோட விடுதி எது?"

எவரார்தோ கையைக் கட்டிக்கொண்டார். "தெரியாது" என்றார்.

எர்மெலிந்தாவுக்குத் தலையில் இடி விழுந்தது. தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவள், எப்போது சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுக்க மறந்திருந்தாள். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள், கூப்பிட்டாள். எவரார்தோ பாடம் பிசகாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படியிறங்கி ஓடி, அம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, முற்றத்தில் உட்காரவைத்து, எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். அதில் ஐஸ்கட்டி மிதந்ததால் அம்மாள் அதைத் தொடவில்லை. சர்ச் வாசலில் நின்று சர்ச் எது என்று கேட்டதற்கும், தமால்காரியிடம் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கும் ஒரே பதில்தான் வந்ததாம். பிறகு அம்மாள் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்க. இங்க எல்லாரும் யாருக்குப் பயப்படறீங்க?"

அப்போதாவது எர்மெலிந்தா ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவளோ உண்மையைச் சொன்னாள். யாருக்கும் பயமில்லை, நான்தான் அப்படிப் பேசப் பழக்கினேன் என்றாள்.

"ஊர் முழுக்க யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்களா பழக்கினீங்க?"

"ஆமாம்மா. தினம் சாயங்காலம். ஆரம்பத்துல கஷ்டப்பட்டாங்க. கொஞ்சம் மிரட்டினதும் வழிக்கு வந்துட்டாங்க."

அம்மாளின் முகம் வெளுத்தது. மெதுவாக எழுந்தார், கதவுப் பக்கமாகவே நகர்ந்தார். சமையலறையில் வான்கோழி வெந்துகொண்டிருக்கிறது, சாப்பிடாமல் போகக் கூடாது என்று எர்மெலிந்தா அவர் தோளைப் பிடித்து அமுக்கியதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. அம்மாள் உதறிக்கொண்டு ஓடி, திரும்பி வந்து கிளம்பிக்கொண்டிருந்த அதே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரமே எச்சரிக்கை சிவப்பானது. ஊர் மக்கள் தங்கள் தேவாலயம் எது என்று சொல்லக்கூட அஞ்சுகிறார்கள், கை கட்டித் தலை குனிந்தே நிற்கிறார்கள், விடுதி நடத்துவதாகக் காட்டிக்கொள்ளும் வயதான பெண் ஒருத்தி மிரட்டியே எல்லோரையும் அடக்கி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தது. மிரட்டுகிறவள் என்று சொன்னதைக்கூட எர்மெலிந்தா பொறுத்துக்கொண்டாள். வயதான என்ற வார்த்தையைப் படித்ததும் எவரார்தோவின் கணினி முன்னாலேயே விம்மி அழுதுவிட்டாள். சிரிலா ஒரு கூடை தமாலோடு வந்து, இனிமேல் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். ஊரும் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு பழையபடி கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொல்லத் தொடங்கியது.

எர்மெலிந்தா தங்கைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, படுக்கை விரிப்புகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. தாடி வைத்த இரண்டு பையன்கள் நின்றார்கள். சிவப்பு ஊர் இதுதானா என்று ஆவலோடு கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர், அப்புறம் இன்னும் சிலர். மஞ்சளுக்குப் பயந்து ஓடியவர்கள் வேறு ஜாதி, சிவப்பைத் தேடி வருகிறவர்கள் வேறு ஜாதி போலிருக்கிறது. விடுதி நிரம்பியது. அவள் முட்டை பொரித்துக் கொண்டுவந்து வைத்தால் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்கள். சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள்.

தாடிக்காரப் பையன்களிடம் எர்மெலிந்தா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கடத்தலும் இல்லை, கும்பலும் இல்லை, ஒரு கல்யாணம், கொஞ்சம் குழம்பு, அவ்வளவுதான் என்றாள். ஒருவன் சிரித்துக்கொண்டே கண்ணடித்தான். இன்னொருவன் நம்பிவிட்டான். நம்பியவனின் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்கே கஷ்டமாக இருந்தது. அன்று மத்தியானமே அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு சிவப்பு ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஒல்லியாக ஒரு பெண், கழுத்தில் கேமராவோடு, அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எங்கேயோ கடலுக்கு அப்பாலிருந்து, சேர்த்து வைத்த விடுமுறை எல்லாவற்றையும் போட்டு வந்தவள். அந்தப் பையனைப் பிடித்து வைத்திருந்த வீடு எங்கே இருக்கிறது, தூரத்தில் நின்றாவது பார்க்கலாமா என்று பயந்து பயந்து கேட்டாள்.

அப்படி ஒரு வீடே கிடையாது. பந்தலையும் எப்போதோ பிரித்தாகிவிட்டது, சோளமும் அறுத்தாகிவிட்டது. ஊருக்கே சொல்லிக்கொடுத்த அந்த ஒற்றை வார்த்தை எர்மெலிந்தாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கையைக்கூடக் கட்டிக்கொண்டாள். தரையைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தாள். இவ்வளவு தூரம் வந்தவளை எப்படி ஒன்றும் சொல்லாமல் அனுப்புவது?

கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்து நீண்டது. "நேராப் போ கண்ணு. சர்ச்சைத் தாண்டி இடது பக்கம். பக்கத்துலதான்."

பெண் நன்றி சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு நடந்தாள். எர்மெலிந்தா அடுப்படிக்குத் திரும்பி, மத்தியானச் சமையலில் ஒரு ஆளுக்கு உண்டானதைக் குறைத்து வைத்தாள். அந்த வழியில் போனவள் யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.