ஆசிட் போன வழி

...சுவர் முழுக்கப் பரவும் என்றுதானே நினைத்தார், இப்படி ஒரே இடமாகப் பார்த்துத் துளைத்துக்கொண்டு போகும் என்று யார் கண்டது, ஹார்டுவேர் கடை வைத்து ஊருக்கெல்லாம் ஆசிட் விற்கிற பேச்சிமுத்துவுக்கு இது தெரியாமல் போனதே, நாளைக்கு மகள் இந்துமதிக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் கூடத்தில் மாடக்குழி முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்றுதான் பாட்டிலோடு உட்கார்ந்தார், ஆனால் இது செங்கல் சுவரா என்ன, கடலில் வெட்டிய முருகைக்கல், உடம்பெல்லாம் துளை, அத்தனையும் சுண்ணாம்பு, ஆசிட் பட்டதும் புசுபுசுவென்று பொங்கியது, உப்புதான் கரைகிறது என்று சந்தோஷமாக இன்னும் ஊற்றினார், எங்கோ ஒரு துளை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும், அதற்குள் இறங்கி அதை அகலமாக்கி, அகலமானதால் அடுத்து ஊற்றியதும் அதற்குள்ளேயே ஓடி, பக்கத்துத் துளைகள் எல்லாம் காய்ந்து கிடக்க அது மட்டும் முருங்கை வேர் மாதிரி கிளை விட்டு... மாடக்குழியில் கல்லும் மெலிசு, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி சுடலைக்கண்ணன் வீடு.

அவனிடமும் அப்படித்தானே, அப்பா காரியத்தன்று பந்தியில், சொந்தக்காரர்கள் முன்னால், சும்மா இருலே, ஒனக்கு என்ன தெரியும்... அவ்வளவுதான் சொன்னார், அவன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான், அன்றைக்கே போய்க் கையைப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை, பிறகு கடையைப் பிரித்தது, கிணற்றுக்கு மோட்டார் வைத்தது, எந்தப் பேச்சை எடுத்தாலும் நேராக அந்தப் பந்திக்குத்தான் போனது. நேரில் போய்ச் சொல்லுங்க, அவ சித்தப்பா இல்லாம தட்டு மாத்துவீகளா என்று மனைவி சந்தனச்செல்வி வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தாள், தட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது, அவன் கதவைச் சாத்திவிட்டால் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது... இந்தத் துளையை முதலில் அடைக்க வேண்டும் என்று வெள்ளை சிமெண்டைக் குழைத்துக் கையில் எடுத்தார், அப்போதுதான் துளை வழியாகத் தம்பி பெண்டாட்டியின் குரல் கேட்டது.

“ஏங்க, சொவத்துல நுரை வருது, பாருங்க.”

“அண்ணன் சொவரக் கழுவுதான் போல. நாளைக்கு இந்துவுக்கு நிச்சயம்லா.”

“நமக்குத்தான் சொல்லலியே.”

“சொல்லாம இருப்பானா? சாயங்காலம் வருவான். நீ பட்டுச்சேலைய எடுத்து வைளா.”

சாயங்காலம் வருவான்... எந்தச் சாயங்காலத்திலிருந்து இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்தப் பக்கமும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும் என்று நம்பித்தானே இவர் இத்தனை வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தார், அப்படியானால் ஊற்றியது முழுக்க இந்தப் பக்கத்திலிருந்துதானா, தொண்டை வரைக்கும் ஏலே என்று வந்தது, துளையில் வாயை வைத்துக் கூப்பிடுவதா, தட்டை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகப் போவதா, போனால் முதலில் என்ன சொல்வது... சிமெண்ட் கையிலேயே இறுகிக்கொண்டிருந்தது.