ஐந்து செவ்வாய்க் கடிதங்கள்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஈவ்லினின் மின்னஞ்சல் பட்டியலில், சென்ற ஆண்டு மார்ச் மாதம் முந்நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். அவர்களில் முந்நூற்றுப் பதினாறு பேர் தரைக்குக் கீழே இருப்பவர்கள். மீதி ஒருவன் அவளுடைய கணவன் ஆஷ்லி.

பெங்களூரில் ரூபேஷ் என்பவன் நாற்பதாயிரம் பேருக்கு வாராவாரம் அஞ்சல் அனுப்பி, அதில் பிறர் விளம்பரத்துக்கு இடம் விற்றுவந்தான். ஒரு கிளிக்குக்குப் பன்னிரண்டு ரூபாய். ஈவ்லின் முந்நூறு கிளிக் வாங்கினாள். விளம்பரத்தைத் தொடுகிறவர்கள் அவள் தயாரித்த பக்கத்துக்கு வந்து பெயரும் முகவரியும் கொடுத்தால், ஐந்து செவ்வாய்க்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு ஒரு செய்முறைக் கடிதம் தானாகவே போய்ச் சேரும். ஐந்தாவது கடிதத்துக்குள் ஆர்டர் வரத் தொடங்கிவிடும் என்று ரூபேஷ் சொல்லியிருந்தான். அந்தப் பக்கத்தில் அவள் ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்தாள்: உங்களுக்கு எந்த ஷிஃப்ட்? சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒருவர் எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்க இந்த ஊரில் யாருக்கும் வேறு வழி தெரியாது. பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் ஆளாக ஆஷ்லியின் பெயரைப் போட்டாள். ஷிஃப்ட் கட்டத்தில் அவன் அலுவலக நேரத்தைப் போட நினைத்தாள். ஆனால் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமனார் டக்ளஸ், ஓய்வுபெற்ற பிறகும் யார் கேட்டாலும் தான் இறங்கிய ஆழத்தையும் சேர்த்துச் சொல்லும் பதிலையே விரல்கள் அடித்துவிட்டன: முதல் ஷிஃப்ட், எழுபத்தாறாம் லெவல்.

பெங்களூர்க்காரர்கள் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். ஷிஃப்ட் உள்ளவர்கள் மட்டும் நிரப்பினார்கள். தங்கவேலு, இரண்டாம் ஷிஃப்ட், எண்பத்தெட்டாம் லெவல். ஏனோக், மூன்றாம் ஷிஃப்ட், நூற்றிரண்டாம் லெவல். அவர்களுடைய முகவரிகள் @ குறியோடு நின்றுவிட்டன, அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு கடிதம்கூடத் திரும்பி வரவில்லை. ரூபேஷ் தொலைபேசியில் குதித்தான். “அக்கா, நூறு பேருக்கு அனுப்பினா இருபது பேரு தொறந்து பாத்தாலே நான் ஸ்வீட் குடுப்பேன். உங்க லெட்டர ஒரே நிமிஷத்துல எல்லாருமே தொறந்துட்டாங்க. அப்படி இன்னாதான் எழுதுனீங்க?”

“கல்கல் பலகாரம் எப்படிப் பண்றதுன்னு எழுதுனேன். இவங்கள்லாம் யாரு ரூபேஷ்?”

“என் லிஸ்ட்ல இந்தப் பேருங்களே இல்லக்கா. லிங்க் எங்கயோ லீக் ஆயிருக்கு.”

டக்ளஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு காப்பியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். “இவங்கள்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கம்மா. கேஜ் லிஃப்ட்ல கூடவே எறங்குனவங்க, பாறை வெடிச்சப்போ மேல வராதவங்க” என்றார்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை ஆஷ்லி பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது அவன் கணுக்கால் வரை நனைந்தது. தரை காய்ந்திருந்தது. இரண்டாவது செவ்வாய்க்கிழமை, முட்டை சேர்க்காத கேக் பற்றிய கடிதம் போனபோது, முழங்கால் வரை நனைந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் குளிர்ந்தது, துருவாடை அடித்தது, ஒன்பதே காலுக்கு வடிந்தது. அன்று மாலை அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பாப்பம்மா, “இன்னாடி ஈவ்லின், உன் வூட்டுக்காரன் ரயில்ல வந்தானா, ஏரில வந்தானா?” என்று கேட்டுச் சிரித்தாள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை இடுப்பு வரை வந்தபோது அவள் சிரிப்பதை நிறுத்தினாள். பம்புகளை நிறுத்திய நாளிலிருந்து சுரங்கத்தில் தண்ணீர் லெவல் லெவலாக ஏறிவருவது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான்காவது கடிதத்துக்கு அது, எழுபத்தாறாம் லெவல் என்று பதிவாகியிருந்த ஆஷ்லியின் மார்புக்கு வந்தது. இனி ஒரு கடிதம்தான் பாக்கி. ஆஷ்லி ஐந்தடி ஐந்தங்குலம், நீச்சல் தெரியாது.

ஈவ்லின் ஐந்தாவது கடிதத்தை அழித்தாள். மறுநாள் காலை அது பழைய இடத்திலேயே, ஏழு மணி என்ற குறிப்போடு இருந்தது. கணக்கையே மூடினாள், கணக்கு திறந்தே இருந்தது. கடிதத்தின் அடியில் பட்டியலிலிருந்து விலகுவதற்கான இணைப்பு இருந்தது, ஆஷ்லி அதை அழுத்தினான். வேண்டுகோள் கிடைத்தது, நிறைவேற்றப் பத்து நாட்கள் ஆகலாம் என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு ஆறு நாட்கள்தான் இருந்தன. பாதிரியார் வந்து ஜெபித்தார். ரூபேஷ் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டான். திங்கட்கிழமை பகலில், வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாமல், பட்டியலில் இருந்த எல்லோருக்குமே ஈவ்லின் எழுதினாள். ஆஷ்லி சுரங்கத்தில் வேலை செய்தவனே இல்லை, தப்பு என்னுடையது, அவனை விட்டுவிடுங்கள் என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் எழுத வரவில்லை. ஒரே நிமிடத்தில் எல்லோரும் திறந்து படித்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஷ்லி விடுப்பு எடுத்துக்கொண்டு முன்னறையில் நின்றான். பாப்பம்மா பஞ்சர் கடையிலிருந்து லாரி டியூப் ஒன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்து அவன் இடுப்பில் மாட்டினாள். டக்ளஸ் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு மணிக்குக் கடிதம் போனது. சட்டை கீழிருந்து கறுத்துக்கொண்டே வந்து கழுத்துப்பட்டையை எட்டியது. தாடை நனைந்தது. அந்தத் தண்ணீருக்கு டியூப் சம்பந்தப்படாமல், காய்ந்தபடி அவன் இடுப்பில் தொங்கியது. “ஈவ், ரொம்ப ஜில்லுனு இருக்கு” என்றான். அதற்குப் பிறகு வாய் மூடிப்போனது. கன்னங்கள் உப்பின, கண் விழி பிதுங்கியது, தலைமுடி நனைந்து மேல்நோக்கி அலைந்தது. ஈவ்லின் அவனை அக்குளில் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். சுரங்கத் தண்ணீரின் பாரம் முழுவதும் அவன்மேல் இருந்தது. அவள் போட்ட சத்தம் அடுத்த ஊரான ஊரிகம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அப்போது அவன் பாதங்கள் தரையைவிட்டுக் கிளம்பின. அங்குலம் அங்குலமாக ஒன்றரை அடி ஏறி நின்றான். முகம் தண்ணீருக்கு வெளியே வந்தது. இருமித் துப்பி, நான்கைந்து முறை மூச்சு வாங்கிய பிறகு, “காலுக்குக் கீழ கைங்க” என்றான். “நெறைய கைங்க. ஒருத்தருக்கு வெரல் இல்ல.”

டக்ளஸ் குனிந்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தைப் பார்த்து, “டேய், கெட்டியா புடிங்கடா” என்றார். ஒன்பதே காலுக்கு அவர்கள் அவனை இறக்கிவிட்டார்கள்.

பட்டியலிலிருந்து விலகும் வேண்டுகோளுக்கு இன்னும் பத்து நாட்கள் ஆகலாம் என்றே பதில் வருகிறது. செவ்வாய்தோறும் தண்ணீர் வருகிறது, கைகள் அவனைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஆஷ்லி அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கிவிட்டான்; அந்த உயரத்துக்கு வசதியாக மடிக்கணினி ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. கடிதம் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்க ஈவ்லினுக்குத் தைரியமில்லாததால் வாராவாரம் எழுதுகிறாள்; ஐம்பதைத் தாண்டிவிட்டது. எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது கீழே கைகளும் மாறும். அப்போது ஆஷ்லி அரை அங்குலம் இறங்கி மறுபடி ஏறுவான். அந்த நேரத்துக்கு மட்டும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவன் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.