கோட்டுக்கு மேல் தண்ணீர்

சனிக்கிழமை சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கல்பனா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மீன்தொட்டியின் முன்னால் போய்க் குனிந்தாள். காலையில் கண்ணாடியில் பேனாவால் போட்டுவிட்டுப் போன கோட்டுக்கு இரண்டு விரல் மேலே தண்ணீர் நின்றது. கீழே விரித்திருந்த சாக்கு சொதசொதவென்று நனைந்திருந்தது.

பத்து நாளாக இதே கதை. தொட்டியின் பின்மூலையில், பாதி உயரத்துக்கு மேலே ஒட்டு விட்டிருந்தது. தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் கசிவு தானாக நின்றுவிடும். அதனால்தான் குறைத்து வைத்துக் கோடு போட்டாள். அப்படியும் தினம் யாரோ ஊற்றுகிறார்கள்.

பகலில் வீட்டில் இருப்பது மாமியார் சென்னம்மா ஒருத்திதான். கணவன் திருமலைக்கும் அவளைப் போலவே ஆந்திர எல்லைத் தொழிற்பேட்டையான ஸ்ரீ சிட்டியில்தான் வேலை. வேறு கம்பெனி, வேறு பஸ். தொட்டி வந்த அன்றே, "இருக்கற ரெண்டு ரூம்ல இது ஒண்ணுதான் கொறச்சலு" என்று முணுமுணுத்தவள் சென்னம்மா. தரை பாழானால் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறாளோ?

"அத்தே, தொட்டில தண்ணி ஊத்தினீங்களா?"

"நா இன்னாத்துக்குமா அத்தத் தொடப்போறேன்?" என்றாள் சென்னம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கல்பனா சோறு எடுக்க உள்ளே போனாள். மாமியாருக்குச் சோறு போட்ட தட்டைச் சற்றுச் சத்தமாகவே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருமலை கண்ணாடி ஒட்டும் சிலிகான் டியூப் வாங்கி வந்தான். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, காலித் தொட்டியை வாசலுக்குத் தூக்கி வந்து துடைத்துக் காயவைத்தார்கள். பழைய ஒட்டைப் பிளேடால் சுரண்டும்போது அவனுக்கு நல்ல உற்சாகம்.

"இனிமே ஜன்னலாண்ட வெக்காத கல்பனா. மத்தியானம் வெயிலு நேரா அடிக்குது. தண்ணி சூடாயி மீனுங்கோ மேல வந்து வாயப் பொளந்துக்கினு நிக்குதுங்கோ. பச்சத் தண்ணி நாலு சொம்பு ஊத்தினாதான் கீழ போவுதுங்கோ."

தொட்டியைப் பிடித்திருந்த கல்பனா நிமிர்ந்தாள்.

"மத்தியானம் நீங்க எப்பிடிப் பாத்தீங்க?"

பிளேடு நின்றது. உள்ளே டிவி சத்தம் கூடியது.

"கம்பெனில 'ரேப்பட்டினுஞ்சி ராவத்து'ன்னு தெலுங்குல சொல்ட்டாங்க" என்றான். "நாளையிலேர்ந்து வேலைக்கு வரவாணாம்னு. காண்ட்ராக்ட் ஆளுங்க முப்பது பேரையும். பதினாறு நாளாவுது. காலைல உன்னோட கெளம்பி வந்து, உன் பஸ்ஸு போனதும் திரும்பிடுவேன்."

பதினாறு நாள். ஒவ்வொரு சாயந்திரமும் "இன்னிக்கி லைன்ல செம வேல" என்று அவன் முதுகை நெளித்தது அவள் கண்முன் வந்தது. சென்னம்மா பொய் சொல்லவில்லை, தொட்டியை அவள் தொடவே இல்லை. மகனுக்காக மருமகளின் முறைப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தலாம் என்று வாயைத் திறந்த கல்பனாவுக்கு, யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

"இன்னும் இன்னா சொல்லாம வெச்சிக்கினு கீறீங்க?"

"இவ்ளோதான். சத்தியமா."

அவன் முகத்தையே பார்த்தாள். நேற்றுவரை வேலையிலிருந்து களைத்து வந்ததுபோல் காட்டியதும் இதே முகம்தான்.

அவன் டியூபை அழுத்தினான். புளித்த வாடையோடு வெள்ளையாய் இழை இறங்கியது. ஈர விரலால் மூலையோடு இழுத்துத் தேய்த்துவிட்டு, "ஒரு நாள் முழுக்கக் கைபடக் கூடாது" என்றான் மெதுவாக.

சென்னம்மா வெளியே வந்தாள். இருவரையும் பார்க்காமல், வெயிலில் கிடந்த பக்கெட்டை நிழலுக்கு இழுத்தாள். தண்ணீர் தளும்பிச் சிந்தியது. மீன்கள் ஒருமுறை சிதறி ஓடி, பிறகு ஒரே பக்கமாய் ஒதுங்கி அசையாமல் நின்றன.