இடப்பக்கம் போன பந்து

ஆறுச்சாமி குவைத்திலிருந்து கொண்டுவந்த டெலிவிஷன் பெட்டியில் படம் எதுவும் தெரியவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் மீனாட்சிபுரம் வரைக்கும் எந்த நிலையமும் எட்டவில்லை. பெட்டியைத் திறந்தால் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல், அவ்வளவுதான். கூடவே வாங்கிவந்த விளையாட்டுப் பெட்டியைப் பொருத்தினால் மட்டும் திரை கறுப்பாகி, நடுவில் ஒரு புள்ளிக்கோடு வரும். இரண்டு ஓரங்களிலும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு வெள்ளைக் கோடு. அவை மட்டைகள். அவற்றுக்கிடையே ஓடுகிற வெள்ளைப் பொட்டுதான் பந்து.

"இந்தக் கோட்டைப் பாக்கறதுக்கா கடல் தாண்டிப் போயிக் கெடந்தே?" என்றார் அவன் அப்பா பொங்கியண்ணன். ஆனால் கரண்டு போதாமல் திரை சுருங்கியபோது, கிணற்று மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தியதும் அவர்தான்.

நாச்சம்மாள் தன் அப்பா மாரப்பனோடு அன்று காலையில்தான் அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆறுச்சாமி முறைமாப்பிள்ளை. அடுத்த மாதம் திரும்பவும் விமானம் ஏறிவிடுவான். அதற்குள் பேச்சை முடித்தாக வேண்டும். "ஊட்டுக்குத் திரும்பறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீரு அம்மிணி" என்று மட்டும் அப்பா பஸ்ஸில் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தை அவளிடம் இல்லை. ஆறுச்சாமியைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவளுக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து எல்லோரும் அவளுக்கு விட்டுக்கொடுத்தே பழகியிருந்தார்கள். பல்லாங்குழியில் சோழிகள் அவள் பக்கமே சேரும். ஓட்டத்தில் மற்ற பிள்ளைகள் மெதுவாக ஓடுவார்கள். அப்படி மெதுவாக ஓடியவர்களில் முதல் ஆள் இவன்தான். இப்போது இவன் பார்ப்பது தன்னையா, அம்மா இல்லாத பிள்ளையையா? அது தெரியாமல் எப்படிச் சொல்வது?

"ஏனப்புனு, புள்ளைக்கும் ஒருக்கா ஆடக் குடு" என்றாள் அத்தை கமலாத்தாள்.

கையில் பிடித்து ஆடும் கட்டைகளின் வயர் குட்டையாக இருந்ததால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பாயில் உட்கார வேண்டியிருந்தது. இடப்பக்கத்து மட்டை அவனுடையது, வலப்பக்கம் அவளுடையது. கட்டையிலிருந்த திருகைத் திருப்பினால் மட்டை ஏறும், இறங்கும். டொக், டொக் என்று பந்து போய்வந்தது. முதலில் அவள் தவறவிட்டாள். பந்து வலது ஓரத்தில் மறைந்து, மறுபடி நடுவிலிருந்து புறப்பட்டது.

"வெளிய போனது எங்க போகுது?"

"எங்கயும் போறதில்லை. அக்கட்டால எடமே கெடையாது" என்றான் அவன்.

பிறகு அவன் தவறவிட்டான். மறுபடியும் தவறவிட்டான். பந்து வரும் வழியிலிருந்து மட்டையைச் சற்றே தள்ளி நிறுத்துவதை அவள் பார்த்தாள். பழைய ஓட்டம்தான்.

கமலாத்தாள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடடா, இடப்பக்கமாவே உழுகுதே" என்றாள். மாகாளியம்மன் கோயிலில் பூ கேட்கும்போது வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு, இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. அந்தப் பழக்கத்தில் வந்த கண் அது. "போனதெல்லாம் போகுது. இனி உழுகறதுதான் வாக்கு. ஆத்தா, நல்ல பதிலாச் சொல்லு!" என்று முந்தானையை இழுத்துச் செருகிக் கும்பிட்டாள்.

"டிவிக்குள்ளயுமா அம்மன் வருவா?" என்று பொங்கியண்ணன் சிரித்தார். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. மாரப்பனும் எடுக்கவில்லை.

பந்து கிளம்பியது. இந்த முறை ஆறுச்சாமி ஒன்றையும் விடவில்லை. தான் விட்டால் மறுப்பு. அவளை விடவைக்கவும் அவனுக்கு மனமில்லை. டொக், டொக். நேரம் போகப் போக நாச்சம்மாளுக்கு ஒன்று புலப்பட்டது. அவள் மட்டை இருக்கும் இடத்துக்கே பந்து வந்துகொண்டிருந்தது. சந்தேகம் தீர, அவள் திருகிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பந்து வந்தது. அசையாத அவள் மட்டையில் பட்டுத் திரும்பியது. ஆறுச்சாமியின் மட்டை திரையில் மேலும் கீழும் ஓடி அதை எடுத்து, மறுபடி அவள் மட்டைக்கே கொண்டுவந்து கொடுத்தது. பெரியவர்கள் யாரும் அவள் கையைக் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் திரையில் இருந்தது.

நான் இல்லாமலே இது நடக்கும், என்று நினைத்தாள். வருஷக்கணக்காக நடக்கும். இவன் வேர்க்க வேர்க்க ஓடுவான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயித்துக்கொண்டே இருப்பேன். அந்த நினைப்பில் கோபம் இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்ததுபோல ஒரு வெறுமை இருந்தது. திருகை ஒரு நெல்லளவு திருப்பினால் போதும், பந்து வலப்பக்கம் போய்விடும். அத்தை குலவையிடுவாள். அதுவும் பந்து சொன்ன சம்மதமாகத்தான் இருக்கும்.

"மச்சான்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "என்ற மட்டைக்கே கொண்டாந்து குடுக்காதீங்க."

அவன் திரும்பவில்லை. "தோத்தா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"இருந்தா இருக்கட்டும். அது என்ற சங்கடம். நீங்க அடிங்க."

அவன் ஒரு நொடி அவள் மடியிலிருந்த கையைப் பார்த்தான். காது சிவந்தது. அடுத்த பந்து மேல்மூலைக்குச் சீறிக்கொண்டு போனது.

அவள் பாய்ந்து திருகைப் பிடித்தாள். மட்டையின் நுனியில் எடுத்தாள். அடுத்தது கீழ்மூலை. அதையும் எடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினான். வளையல்கள் முழங்கை வரை ஏறியதும் முந்தானை சரிந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. திரையின் மேல்விளிம்பில் பட்டுச் சரிவாக வந்த ஒன்றை மட்டையின் ஓரத்தில் வாங்கித் திருப்பினாள். ஆறுச்சாமி எட்டிப் பிடிக்கப் பார்த்தான். பந்து இடப்பக்கம் போய்விட்டது.

"அய்யோ!" என்றான் அவன், உண்மையாகவே.

"ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினாள் நாச்சம்மாள்.

கமலாத்தாள் கும்பிட்ட கையைப் பிரிக்கவில்லை. "இடப்பக்கம்" என்றாள், முனகலாக. மாரப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், கிளம்புகிறவரைப்போல.

நாச்சம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். "அத்தை, அது அம்மன் சொன்னது இல்லீங்க. நான் அடிச்சது."

"உனக்கென்ன தெரியும் அம்மிணி..."

"எனக்குச் சம்மதமுங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "பந்து எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சம்மதம்."

பெண்ணே வாய் திறந்து சொல்லிவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் பொங்கியண்ணன் மாரப்பனைப் பார்த்தார், மாரப்பன் தங்கையைப் பார்த்தார். கமலாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இதென்னடி இது, எதுக்கும் நாளைக்குக் கோயில்ல ஒருக்கா பூ கேட்டுப்போடலாம்" என்றாள்.

"கேளுங்க அத்தை" என்றாள் நாச்சம்மாள்.

ஆறுச்சாமி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். பொத்தானை அழுத்தி, திரையில் இருந்த ஆட்ட எண்களைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தான்.

"உக்காரு, நாச்சி" என்றான். "இந்தவாட்டி உன்னைய உடமாட்டேன்."