திரையில் முப்பத்தாறு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், ஒரு கிடங்கின் மாடியில் சிநேகாவுக்கு வேலை. கம்ப்யூட்டர் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, தங்கள் பெயரை ஒட்டி, கடைகளுக்கு அனுப்பும் கம்பெனி அது. புதிதாக எது வந்தாலும் அதைச் சோதித்து அறிக்கை எழுதுவது அவள் பொறுப்பு. அச்சரப்பாக்கத்தில் அவள் வீட்டில் அதுவரை யாரும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்து, மூன்று வருடமாக அந்த அறையில் இருந்தாள்.

மார்ச் மாதம் அந்தத் தண்ணீர் கூலர் வந்தது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரின் தலைமேல் உட்காரும் சின்ன பம்ப்பு, அதிலிருந்து போகும் இரண்டு ரப்பர் குழாய்கள், குழாய்களின் மறுமுனையில் மூன்று விசிறிகள் பொருத்திய ரேடியேட்டர். சூட்டைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் விட்டுவிட்டுத் திரும்பும். இதெல்லாம் எந்தத் தண்ணீர் கூலரிலும் உள்ளதுதான். இதில் பம்ப்பின் மூடியிலேயே வட்டமாக ஒரு திரை இருந்தது. ப்ராசஸரின் சூடு எத்தனை டிகிரி என்று அதில் எண் ஓடும். எண்ணுக்குப் பின்னால் நமக்குப் பிடித்த படத்தை வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டாள். மானிட்டரின் கணக்கில் ப்ராசஸர் ஒரு தடவைகூட எழுபதைத் தாண்டவில்லை.

அன்று சாயங்காலம் அரசு போன் செய்தான். பாலிடெக்னிக்கில் அவளோடு படித்தவன், கோவளத்துக்காரன். அவன் வீட்டு ஆட்கள் கடலுக்குப் போக, அவன் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஈசிஆர் கடற்கரைச் சாலையில் கட்டப்போகும் வில்லாக்களைக் கட்டுவதற்கு முன்பே படமாக ஓடவிட்டுக் காட்டும் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தப் படங்களைத் தயாரிக்கும்போது ப்ராசஸர் மணிக்கணக்கில் கொதிக்கும். திரை வைத்த கூலர் வரப்போகிறதாமே, நீதான் சோதிக்கிறாயா, எப்படி என்று கேட்டான்.

"நல்லா கீது. இதுவரைக்கும் நல்லாதான் கீது," என்றாள்.

சோதனை இன்னும் முடியவில்லை, பொறு என்றும் சொன்னாள். அதை அவன் எவ்வளவு காதில் வாங்கினான் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், பம்ப்பு நின்றுபோனால் திரை என்ன காட்டும் என்று பார்க்க அவளுக்குத் தோன்றியது. பட்டியலில் இல்லாத சோதனை அது. கம்ப்யூட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பம்ப்பு மோட்டாரின் ஒயரை மட்டும் பிடுங்கினாள். பக்கத்து மானிட்டரில் ப்ராசஸரின் உண்மையான சூடு எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றேழு என்று ஏறியது. கூலரின் வட்டத் திரையில் நாற்பத்தொன்றாக இருந்த எண், நாற்பது ஆனது. பிறகு முப்பத்தெட்டு. பிறகு முப்பத்தைந்து. கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோகும் வரை அது இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு கூலரைப் பிரித்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. சூட்டை அளக்கும் சென்சாரை ப்ராசஸர் பக்கம் வைக்காமல், தூரத்தில் ரேடியேட்டரின் வாயில் வைத்திருந்தார்கள். திரை காட்டியது ப்ராசஸரின் சூட்டை அல்ல, அங்கே வந்துசேரும் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் ஓடினால்தான் சூடு அங்கே போய்ச் சேரும். தண்ணீர் நின்றுவிட்டால், இங்கே ப்ராசஸர் வெந்தாலும் அங்கே விசிறிக் காற்றில் எல்லாம் குளிர்ந்துதான் இருக்கும். பெட்டியின் மேல் 'ப்ராசஸர் வெப்பநிலை' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. ஆறு கூலர்களில் அதையே செய்து பார்த்தாள். ஆறும் ஒன்றுபோலவே காட்டின.

தரப் பிரிவின் தலைவர் பார்த்தசாரதி, ஐம்பத்தைந்து வயதுக்காரர், யாரையும் அதட்டிப் பேசாதவர். அவள் சொன்னதைக் கேட்டு, தானே வந்து உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். எண் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிக்கொடும்மா, நான் மேலே பேசுகிறேன் என்றார். சிநேகா இரண்டு பக்கத்தில் எழுதினாள். முதல் பக்கத்தில் எண்களும் முடிவும்: சென்சாரை மாற்றும் வரை விற்பனைக்கு அனுப்பக் கூடாது. இரண்டாம் பக்கத்தில் படங்கள், அவற்றின் கீழே அவள் கையெழுத்து.

ஒரு வாரம் கழித்து, மாடிப்படியில் இறங்கும்போது கீழே லாரியில் அதே பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அது மூன்றாவது லாரி என்று ஏற்றுபவர்கள் சொன்னார்கள். முதல் லாரி, அவள் சோதனையை ஆரம்பித்த அன்றே போய்விட்டதாம். பார்த்தசாரதியிடம் ஓடினாள். அடுத்த சரக்கில் சென்சாரை மாற்றித்தர வெளிநாட்டில் தயாரிக்கிறவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் அவர். அப்போது இந்தச் சரக்கு என்று கேட்டாள். அவர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அரசுக்கு போன் செய்தாள். அவன் ஏற்கெனவே வாங்கிப் பொருத்திவிட்டிருந்தான். திரையில் மனைவி சுவேதாவின் முகத்தை வைத்திருப்பதாகவும், அதைப் பார்த்து அவள் ஒரு நாள் முழுக்கச் சிரித்ததாகவும் சொன்னான். சிநேகா விஷயத்தைச் சொன்னாள்.

"முப்பத்தாறு காட்டுது சிநேகா. சூப்பரா ஓடிகினு கீது," என்றான்.

"அந்த நம்பரைத்தான் நம்பாதன்றேன். பம்ப்பு நின்னுட்டா அது பொய் சொல்லும்."

"நின்னாதானே? நிக்கும்போது பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் மாமல்லபுரத்துக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கோவளம் போய் இறங்கினாள். அரசுவின் முன்னறை ஜன்னல் வழியாகக் கடல் காற்று நேரே உள்ளே வந்தது. கூலரைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடச் சொன்னாள். கொடுத்தால் மாற்றித்தர மாதமாகும் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அவன் கையில் அப்போது பெரிய வேலை ஒன்று இருந்தது. நெம்மேலிப் பக்கம் நாற்பது வில்லா கட்டப்போகும் ஒருவர், மே இருபதாம் தேதி வாங்குபவர்களைக் கூட்டிவைத்துப் படம் காட்டப்போகிறார். இந்த ஒரு வேலை நல்லபடியாக முடிந்தால் அவருடைய மற்ற வேலைகளும் இவனுக்குத்தான். அதுவரை எதையும் கழற்ற மாட்டேன் என்றான்.

அவள் வற்புறுத்தவில்லை. மானிட்டரின் மூலையில் ப்ராசஸரின் உண்மையான சூட்டைக் காட்டும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுக்கொடுத்தாள். கூலரின் திரையைப் பார்க்காதே, இதைப் பார் என்றாள். சரி என்றான். சுவேதா நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள்.

மே பதினாறாம் தேதி மதியம் அரசுவின் கம்ப்யூட்டர் பாதிப் படத்தில் அணைந்தது. மறுபடி போட்டான். பத்து நிமிடத்தில் அணைந்தது. மூலையில் அவள் போட்டுக்கொடுத்த புரோகிராம் அங்கே இல்லை. வில்லாக்காரரிடம் திரையைப் பகிர்ந்து வேலையைக் காட்டும்போது அசிங்கமாக இருக்கிறது என்று அவன்தான் எடுத்திருந்தான். ஆனாலும் அவள் சொன்னது ஞாபகம் வந்து, பெட்டியைத் திறந்து பம்ப்பில் காதை வைத்துக் கேட்டான். மோட்டார் ரீங்காரமிட்டது. பம்ப்பு ஓடுகிறது, திரையில் முப்பத்தாறு. அப்படியானால் கோளாறு வேறு எங்கோ என்று முடிவு செய்தான். திருப்போரூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தான். பவர் சப்ளையை மாற்றினார்கள். மெமரியை மாற்றினார்கள். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடத்தில் அணைந்தது. சிநேகாவுக்கு போன் செய்யச் சொல்லி சுவேதா இரண்டு முறை சொன்னாளாம். பத்தொன்பதாம் தேதி காலையில்தான் செய்தான்.

அவள் லீவு சொல்லிவிட்டு, செங்கல்பட்டில் ஒரு சாதாரண விசிறி கூலரை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கம்ப்யூட்டரைப் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் ஓடியதும் கையை உள்ளே விட்டாள். பம்ப்பின் விளிம்பு விரலைச் சுட்டது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, குழாய் குளிர்ந்திருந்தது. மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் நகரவில்லை. கழற்றித் திறந்தபோது உள்ளே தண்ணீர் போகும் மெல்லிய தடங்களில் வெள்ளையாகக் கசடு அடைத்திருந்தது. பம்ப்பு நிற்காமலே தண்ணீர் நிற்கலாம் என்பதை அவளே யோசித்திருக்கவில்லை.

அரசு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கசடையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு நாளும் என் கண்ணு எதிர்லயே முப்பத்தாறுன்னு போட்டுகினு இருந்துச்சி," என்றான். "அதும் எம் பொண்டாட்டி மூஞ்சி மேல."

விசிறி கூலரைப் பொருத்தியதும் கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. ஆனால் மீதிப் படத்துக்கு இரண்டு முழு நாட்கள் வேண்டும். ஒரு நாள்கூட இல்லை. வில்லாக்காரரிடம் பேசினான். அவர் திட்டவில்லை. சொன்னபடி படம் வராததால், பதினெட்டாம் தேதியே சென்னையில் ஒரு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிட்டதாக மட்டும் சொன்னார்.

சிநேகாவின் கம்பெனிக்குப் புகார் அனுப்பியதற்கு, அதே மாடலில் புதிது ஒன்று தருகிறோம் என்று பதில் வந்தது. அரசு செங்கல்பட்டில் அன்பரசி என்ற வக்கீலைப் பார்த்தான். குறை முன்பே தெரிந்துதான் விற்றார்கள் என்று உள்ளே வேலை செய்கிறவர் எழுதிக்கொடுத்தால் கேஸ் நிற்கும் என்று அவர் சொன்னார். அரசு நேரடியாகக் கேட்கத் தயங்கி, சுவேதாவை விட்டுப் பேசவைத்தான். சிநேகா இரண்டு நாள் யோசித்தாள். எழுதாதே என்று அவள் அம்மா சந்திரம்மா ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. சிநேகா எழுதினாள். என்ன செய்து பார்த்தேன், என்ன தெரிந்தது, யாரிடம் எந்தத் தேதியில் அறிக்கை கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் கொடுத்தாள்.

அவள் பெயரைச் சொல்லாமல் அன்பரசி அனுப்பிய நோட்டீஸுக்கு மூன்று வாரத்தில் கம்பெனியின் பதில் வந்தது. அன்பரசி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பதிலோடு வந்திருந்த இரண்டு தாள்களை சிநேகாவின் முன்னால் வைத்தார். அவளுடைய சோதனை அறிக்கை. இரண்டாம் பக்கத்தில் அவள் எடுத்த படங்கள், அவள் கையெழுத்து. முதல் பக்கத்தைப் படித்தாள். 'திரை காட்டும் எண்ணின் துல்லியம்: ஏற்கத்தக்கது. விற்பனைக்கு அனுப்பலாம்.'

"இது நான் எழுதினது இல்ல மேடம்," என்றாள்.

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

உன்னிடம் நகல் இருக்கிறதா என்று அன்பரசி கேட்டார். இல்லை. போனை வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பென்டிரைவ் கூடாது. எழுதியதெல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அன்பரசி தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: உன் கடிதத்தைக் கோர்ட்டில் வைத்தால், உன் அறிக்கையே உன் கடிதத்தைப் பொய் என்று சொல்லும். நண்பனுக்காகப் பொய் சொல்கிறாய் என்று வாதாடுவார்கள். அரசு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். அவன் தன்னிடம் ஏதாவது கேட்டால் நன்றாக இருக்கும் என்று சிநேகாவுக்கு இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து பார்த்தசாரதியை ரயில்வே ஸ்டேஷனில் பிடித்தாள். அவர் தாம்பரம் பக்கம் போகும் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நான்தாம்மா மாத்தினேன். முதல் பக்கத்தை மட்டும் மாத்திக் குடுங்கன்னாங்க. பண்ணிட்டேன்."

"நீங்களே ஒயரைப் புடுங்கிப் பாத்தீங்களே சார்."

"பாத்தேன்."

அதை அப்படியே எழுதிக்கொடுங்கள் என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. இரண்டே வரி போதும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். சம்மதமா மறுப்பா என்று தெரியாத ஆட்டல். தன்னை வேண்டுமானால் திட்டச் சொன்னார். அவளுக்குத் திட்டவும் வரவில்லை. வண்டி வந்தது. "என்னால முடியாதும்மா," என்று சொல்லிவிட்டு ஏறினார். கதவோரம் நிற்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

எதிர் பிளாட்பாரத்துக்குப் போய், செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது அரசுவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் யாரோ எஞ்சின் படகை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கேஸை வாபஸ் வாங்கிக்கொள்ளப் போவதாக அவன் சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து சிறுசேரியில் ஒரு ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறானாம். அங்கேயும் வில்லாப் படம்தான், மாதச் சம்பளத்துக்கு. கம்ப்யூட்டரை சுவேதாவின் தம்பிக்குக் கொடுத்துவிட்டானாம்.

தன்னை மன்னித்துவிடும்படி அவள் சொன்னாள்.

"வுடு சிநேகா. நீ இன்னா பண்ணுவ," என்றான்.

கோபமே இல்லாமல்தான் சொன்னான். அவன் போனை வைத்த பிறகும் அவள் தன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்து நின்றபோது பெண்கள் பெட்டியில் உட்கார இடமில்லை. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு வரை நின்றபடியே போனாள்.