காளான் வளர்ப்பு, ஜன்னல் வரை

1

இதைக் கதையாக எழுத உட்காரவில்லை. ஒரு மாத இதழில், வீட்டிலேயே காளான் வளர்ப்பது எப்படி என்று புதியவர்களுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குக் காளானைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சாப்பிடத்தான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, பூந்தமல்லியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "ஜன்னலே தொறக்காத ரூம்ல வளருமா சார்?" என்று கேட்டாள். வளரும், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். அதைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. காளானுக்காக யாரும் அப்படி நிம்மதி அடைவதில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. நாகவல்லி என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

2

முதல் தொடக்கம்: "வைக்கோலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளவும்."

கட்டுரைக்கு இது போதும். யார் நறுக்குகிறார்கள் என்று யோசித்ததும் கட்டுரை கெட்டது.

இரண்டாவது தொடக்கம்: "மகனை இழந்த ஒரு தாயின் இதயம்" (நிறுத்திவிட்டேன். இதயம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கே எரிச்சல் வந்தது. நாகவல்லி படித்தால் சிரிப்பாள்.)

மூன்றாவது தொடக்கம், இதுவே நிற்கட்டும்:

பாரிவாக்கத்தில் நாகவல்லிக்கு ஒரு கட்டு வைக்கோல் கிடைக்கவில்லை. அவளுடைய அம்மா நாற்று நட்ட நிலமெல்லாம் இப்போது எல்லைக்கல் நட்ட மனைகள். கடைசியில் திருநின்றவூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர் ஒருவரிடம் சொல்லிவைத்து, அவள் புருஷன் ஏகாம்பரம் தன் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவந்தான். ஆட்டோவெல்லாம் குப்பை, சவாரி ஏறுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று வழிநெடுக முணுமுணுத்தானே தவிர, கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

அவளுக்கு வேண்டியது காளான் இல்லை. பின்னால் இருக்கும் சின்ன அறையின் கதவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவர்கள் மகன் டில்லிபாபுவின் அறை. போன வருஷம் ஆடிக்கு முன்னால், நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். காரியம் முடிந்த அன்றைக்கு ஏகாம்பரம் அந்த அறையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் சமைத்து, சாப்பிட்டு, அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போய்வந்து, நாகவல்லிக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திற என்று கேட்டால் திறக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காளானைக் கேட்டாள். இருட்டாக, மூடியே இருக்கிற ரூம்தான் வேண்டுமாம், ஜன்னலைத் தொடவே கூடாதாம் என்றாள். அவன் வேட்டி மடிப்பை விலக்கிச் சாவியை அவிழ்த்தான்.

(இதழாசிரியருக்கு: இந்த இடத்தில் படம் போட வேண்டாம்.)

3

வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். பிறகு பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு கை காளான் விதை, மறுபடி வைக்கோல் என்று நிரப்பி, வாயைக் கட்டி, பக்கவாட்டில் துளை போட்டு, கயிற்றில் தொங்கவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொடக் கூடாது. இவ்வளவும் கட்டுரைக்கு உரியது. இதைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து செய்தார்கள் என்பது கதைக்கு உரியது.

பைகளைத் தொங்கவிடும்போது, கதவுக்குப் பின்னால் ஆணியில் டில்லிபாபுவின் சட்டை மாட்டியபடியே இருந்தது. கட்டம் போட்டது. ஏகாம்பரம் கயிறு எடுக்க வெளியே போன நேரத்தில், நாகவல்லி அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். தூசி நாற்றமும் பூட்டிவைத்த அலமாரி நாற்றமும்தான் வந்தன. பிள்ளையின் வியர்வை, அவன் தடவும் தலையெண்ணெய், எதுவும் இல்லை. சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இதை அவள் ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. இந்தக் கதையில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் இதுதான். அதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

நாள் போகப்போக வைக்கோலின் மேல் வெள்ளை படர்ந்தது. சவாரி முடிந்து வந்ததும் ஏகாம்பரம் கைகழுவிவிட்டு அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். எந்தப் பை முந்துகிறது, எது சவலையாக இருக்கிறது என்று வந்து சொல்வான். அவன் அவ்வளவு பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

3 (மறுபடியும்)

நான்கு என்று போட்டுவிட்டு அழித்தேன். இவர்கள் இன்னும் மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லை.

பை முழுக்க வெளுத்த பிறகு, மூடிய அறை ஆகாது. வெளிச்சமும் காற்றும் வேண்டும். அப்போதுதான் வெள்ளைப் படர்வு காளானாக எழும். பயிற்சியாளர் இதைச் சொன்னபோது நாகவல்லியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புருஷனிடம் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தாள்.

இப்போது மறுபாதியையும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.

"ஜன்னல தொறந்தா அவன் வாசன பூடும்மே," என்றான். "அத்த மட்டும் கேக்காத."

அவளும் கேட்கவில்லை. நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப்போட்டார்கள்.

4

அதற்குள் ஆடி வந்துவிட்டது. தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. போன வருஷம் துக்கம், ஒன்றும் செய்யவில்லை. இந்த வருஷம் வீட்டைக் கழுவி, வாசலில் வேப்பிலை கட்டினார்கள். நாகவல்லி கூழ் வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தபோது, ஏகாம்பரம் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலைக் கொத்தால் அறை அறையாகத் தெளித்தான். பிள்ளையின் அறைக்கும் போனான். சுவரில் தெளித்தான், சட்டையை விட்டு விலகித் தெளித்தான், பைகளின் வாயை ஒவ்வொன்றாக அவிழ்த்து உள்ளேயும் தாராளமாகத் தெளித்துத் திரும்பக் கட்டினான்.

மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்பது நம் வீடுகளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காளானும் அந்த ஜாதிதான் என்பது யாருக்குத் தோன்றும்? மஞ்சள் கொன்றதோ, அதிலிருந்த தண்ணீர் கொன்றதோ, ஒரு வாரத்தில் வெள்ளையெல்லாம் பழுத்து, பச்சைப் பூசணம் பிடித்து, நாற ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஏகாம்பரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

கையெழுத்துப் படி ஒன்றில், மஞ்சள் ஆகாது என்று நாகவல்லி அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள் என எழுதினேன். அப்படியானால் தெரிந்தே செய்தான். பை செத்தால் ஜன்னலைத் திறக்கும் பேச்சும் செத்துவிடும். இன்னொரு படியில், அவள் சொல்லவே இல்லை. அப்படியானால் அம்மன் பேரைச் சொல்லி, பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்திருக்கிறான். இரண்டு படிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அவன் கை ஒரே மாதிரிதான் தெளித்தது.

"இன்னாய்யா பண்ண?" என்று மட்டும் நாகவல்லி கேட்டாள்.

"நல்லதுக்குத்தாம்மே தெளிச்சேன்," என்றான் ஏகாம்பரம். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

அவள் அவனை நம்பினாள். நான்தான் இன்னும் இழுபறியில் இருக்கிறேன்.

5

கெட்ட பைகளைத் தூக்கிப்போடும்போது, கதவுக்குப் பின்னால் ஒன்று மிச்சம் இருந்தது. சட்டையின் பக்கத்தில் தொங்கியது. சட்டை நனையக் கூடாதென்று அவன் விலகியதில் தப்பித்திருந்தது. காளான் எழ வழிவிட்டு யாரும் பையைப் பிளேடு போட்டுக் கீறவில்லை, ஜன்னலையும் திறக்கவில்லை. ஆனாலும் துளைகளின் வழியாகக் காளான் வெளியே வந்திருந்தது. குடை மாதிரி விரிந்திருக்க வேண்டியது, தண்டு மட்டும் விரல் விரலாக நீண்டு, தலை பொட்டுக்கடலை அளவில் நின்றது. எல்லாத் தண்டுகளும் ஜன்னல் இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

(கட்டுரைக்கு: காற்றோட்டம் போதாவிட்டால் தண்டு நீளும், குடை விரியாது.)

நாகவல்லி கூப்பிட்டாள். "பாபு நைனா, இங்க வந்து பாரு."

பிள்ளை போனதிலிருந்து அவள் புருஷனைப் பாபுவின் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. ஏகாம்பரம் வந்தான். குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"காத்துக்கு ஏங்கிகினு கீது," என்றான்.

கை ஜன்னல் தாழ்ப்பாளுக்குப் போய், அங்கேயே நின்றது.

"தொறந்தா வாசன பூடும்மே," என்றான். அழுதான் என்றே எழுதிவிடுகிறேன், வேறு எப்படிச் சொல்வது?

இப்போது நாகவல்லியின் வாயில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாசனை எப்போதோ போய்விட்டது, சட்டையை மோந்து பார்த்தேன் என்பது. இவ்வளவுதான் வாக்கியம்.

அவள் சொல்லிவிடுகிறாள், ஜன்னல் திறக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காளான் குழம்பு கொதிக்கிறது என்று ஒரு முடிவு எழுதினேன். இதழாசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் குழம்பை ஏகாம்பரம் எப்படி விழுங்குவான் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறாள், கதவு மறுபடி பூட்டப்படுகிறது என்று இன்னொன்று எழுதினேன். அதில் அவளுக்கு மூச்சு முட்டியது. கிழித்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தை அவள் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் வையுங்கள். ஒன்றே ஒன்று: எங்கோ பார்த்துக்கொண்டு சொல்ல விடாதீர்கள். அவன் முகத்தைப் பார்த்தே சொல்லட்டும். சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்த்தே சொல்லாமல் இருக்கட்டும்.

கட்டுரையின் கடைசி வரி இன்னும் பாக்கி இருக்கிறது. "இந்தக் கட்டத்தில் ஜன்னலை" என்று எழுதி வைத்திருக்கிறேன். முடிப்பது உங்கள் பாடு. தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது, ஒருவர் இழுத்தால் வராது.