புரட்டாசிச் சனியில் ஆலா

இந்தத் தடவையும் பறவை வராவிட்டால், திங்கட்கிழமை பாஸ்கல் தோல் ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்க வேண்டும். மச்சான் மிக்கேல்ராஜ் திண்டுக்கல் பேகம்பூரில் இடம் பிடித்து வைத்திருந்தான். நாலு வருசம் அந்தத் தொட்டியில் நின்றால் கால் நகம் என்ன ஆகும் என்பதையும் செருப்பைக் கழற்றிக் காட்டியிருந்தான். கொஞ்சம் பெருமையாகவே காட்டினான்.

பாஸ்கல் கற்ற தொழில் வேறு. கடலோரத்து மண்டபம் ஊரில் ஒரு வெள்ளைக்காரச் சாமியாருக்கு ஆறு வருசம் சமையல்காரனாக இருந்தான். சாமியார் பூசை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வள்ளத்தில் போய்க் கடற்பறவை பார்த்தார். 1959-இல் கப்பலேறியபோது அவர் பாஸ்கலுக்கு விட்டுப்போனது ஒரு பைனாகுலரும், ஆலாவையும் கடற்காகத்தையும் பிரித்துச் சொல்லும் அறிவும்தான். அவன் திரும்பி வந்த திண்டுக்கல்லில் இரண்டுக்கும் மதிப்பில்லை. அங்கே பறவை என்றால் குழம்பு.

நல்லவேளையாக, மனமகிழ் மன்றத் தலைவர் உடையப்பன் மதராசில் துரைமார்கள் பைனாகுலரோடு திரிவதைப் பார்த்துவிட்டு வந்தார். எண்ணெய் மில் முதலாளி. துரை செய்கிற எதிலும் ஏதோ விஷயம் இருக்கும் என்று நம்புகிறவர். ஆளைச் சேர்த்து, மண்டபத்துக்கு ரயிலேற்றி, வள்ளம் பிடித்து, கடலில் பறவை காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு பாஸ்கலுக்கு வந்தது.

ஆடியில் போன முதல் பயணத்தில் அவர்கள் பார்த்தது ஒரே ஒரு காக்கா. அதுவும் கரையில் இருந்தது.

"ஏலே பாஸ்கலு, இன்னொரு வாட்டி பாப்பேன்" என்றார் உடையப்பன். "அப்பயும் வரலேன்னா மன்றம் குத்தாலத்துக்குப் போயிரும். அங்க குளிக்கவாச்சும் செய்யலாம்."

இரண்டாவது பயணத்துக்கு பாஸ்கல் எல்லாவற்றையும் யோசித்தான். மீன் குடலைக் கொட்டினால் ஆலா வரும். வள்ளக்காரர் நைனா முகமதுவிடம் சொல்லி ஒரு கூடை நிறைய வாங்கி வைத்தான். "வெறும் வயித்துல வாங்க, ரெண்டு பிஸ்கோத்து போதும்" என்று எட்டுப் பேருக்கும் சொல்லியிருந்தான். தேதியை மட்டும் யோசிக்கவில்லை. அவன் வேதக்காரன், அவன் பார்க்கும் காலண்டரில் புனிதர்களின் பெயர்தான் போட்டிருக்கும்.

காலையில் சத்திரத்திலிருந்து மன்றத்தார் வந்தார்கள். தலை ஈரம், நெற்றியில் நாமம், வாயில் கோவிந்தா. புரட்டாசி முதல் சனிக்கிழமை. விடியலிலேயே படையல் போட்டு, புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் மூக்கு முட்டச் சாப்பிட்டிருந்தார்கள். பெருமாள் பிரசாதத்தை இரண்டு பிஸ்கோத்து அளவுக்கு யார் சாப்பிடுவார்கள்?

உடையப்பன் மனைவி ஜக்கம்மாள்தான் முதலில் கூடையைப் பார்த்தாள். பார்க்கும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது.

"அடப் பாவி! சனிக்கிழமையும் அதுவுமா கவுச்சியவா ஏத்தி வச்சிருக்க?"

"அது நமக்கில்லம்மா, பறவைக்கு."

"பறவைக்கு விரதம் இல்லேன்னா எனக்குமா இல்ல? எடுத்துக் கொட்டு!"

கூடை கரையிலேயே கவிழ்ந்தது. காக்காய்கள் சொல்லிவைத்தாற்போல் வந்தன. அதோடு விடவில்லை. மஞ்சள் தண்ணீர் கரைத்து வள்ளம் முழுக்கக் கழுவினால்தான் ஏறுவோம் என்றார்கள். நைனா முகமது தேய்த்தார்.

"இருவது வருசமா மீன் ஏத்துன வள்ளம் தம்பி. இன்னிக்கு மஞ்சத்தண்ணி ஊத்திச் சடங்கு சுத்திட்டாக."

ஊருக்கு வடக்கே வடகடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் ஆலா வருவது தென்கடலில், காற்றும் அங்கேதான் இருந்தது. பாஸ்கல் வள்ளத்தை அங்கேயே விடச் சொன்னான். ஒரு மணி நேரம் போயும் வானத்தில் ஒன்றும் இல்லை. மஞ்சள் வாசம் வீசும் வள்ளத்தை எந்தப் பறவை தேடி வரும்?

"பாஸ்கலு, காக்காயவாச்சும் கூட்டியாந்திருக்கலாம்ல?" என்றார் ஜவுளிக்கடைச் சின்னக்கண்ணு. எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கலுக்குக் கால் நகம் கூசியது.

அடுத்த அலையில் சின்னக்கண்ணுவின் சிரிப்பு நின்றது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். புளியோதரை போயிற்று. அதைப் பார்த்து ஜக்கம்மாளுக்குப் பொங்கல் போயிற்று. செத்த நேரத்தில் எட்டுப் பேரும் வரிசையாகக் கவிழ்ந்து கடலுக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீருக்குள் ஏதோ மினுங்கியது. சோற்றுப் பருக்கைக்குக் குஞ்சு மீன் கூட்டமாக மேலே வந்தது. மீனுக்கு மேலே, எங்கிருந்தோ, ஆலா. வெள்ளை உடம்பு, கறுப்புக் குல்லாய், பிளந்த வால். ஒன்று செங்குத்தாக விழுந்து மீனோடு எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று. பாஸ்கல் எண்ணினான், பத்தொன்பது.

"அந்தா! அந்தா பாருங்க! முதலாளி, தலையத் தூக்குங்க!"

ஒருவரும் தூக்கவில்லை. பாஸ்கல் உடையப்பனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். முதலாளி அதன் மேலேயே வாந்தியெடுத்தார்.

"கரைக்குப் போ" என்று மட்டும் சொன்னார்.

வள்ளம் திரும்பியது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கும்போது இடது காலை முதலில் வைப்பதா வலது காலையா என்று பாஸ்கல் யோசித்துக்கொண்டு வந்தான்.

கரையில் சத்திரத்து மணியக்காரர் நின்றிருந்தார். "என்னங்க, ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

உடையப்பன் வாய் கொப்பளித்துத் துப்பினார். தன் மன்றத்தாரை ஒருமுறை பார்த்தார்.

"ஆலா" என்றார். "முந்நூறு இருக்கும்."

"முந்நூறா? உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. ஐந்நூறுக்குக் கொறையாது" என்றாள் ஜக்கம்மாள்.

"அதுல ஒண்ணு வாத்துத் தண்டி. என்னைய மொறைச்சுப் பாத்துச்சுல்ல?" என்றார் சின்னக்கண்ணு.

மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பறவை சொன்னார்கள். தன் வாந்தியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று ஊர் போய்ச் சொல்ல யாரும் தயாராக இல்லை.

உடையப்பன் பாஸ்கலைத் தனியே அழைத்தார். "அடுத்த மாசம் ரெண்டு வள்ளம் சொல்லு. செம்பட்டிச் சம்பந்தியக் கூட்டியாரேன். ரொம்பத்தான் பீத்திக்கிட்டுத் திரியிறாரு."

"சரி முதலாளி. அவுகளுக்கு வெறும் வயித்துல வரச் சொல்லி..."

"நீ ஒண்ணும் சொல்லாத."

ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கையில் பாஸ்கல் மச்சானுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டான்: தொட்டி வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கவும். பிறகு ஒரு ஈர்க்குச்சியை எடுத்துப் பைனாகுலரைக் குடைய ஆரம்பித்தான். கடுகு ஒன்று திருகுக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது.